ராசனைக் கத்தானியாவுக்குக் கொடுக்கிறதா?

சந்திரமதியின் தம்பி மகேந்திரராசா என்கிற ராசன் கூடைப்பந்து விளையாடத் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவன் பந்தைக் கூடைக்குள் போட்டதை அவள் கண்ணால் கண்டது மூன்றே மூன்று தடவை. அதிலும் ஒன்று, வேறொருவனுக்கு எறிந்த பந்து கை தவறிப் போய் விழுந்தது.

இதை அவளே சொல்லிச் சிரிப்பாள். மற்றவர் யாரும் சொல்லக் கூடாது. சொன்னால், கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு, "நீர் பந்தைப் பாத்தனீரோ, அவனைப் பாத்தனீரோ?" என்று கேட்பாள்.

அவனைப் பார்த்தால்தான் தெரியும். இத்தாலியில், சிசிலித் தீவின் பலேர்மோ வடலி விளையாட்டுக் கழகத்தில் ராசனுக்கு ஒரே ஒரு வேலை. எதிர் அணியில் ஆகத் திறமான ஆள் எவனோ, அவன் முன்னால் போய் நிற்பது. நின்றால் நின்றதுதான். பந்தைப் பார்க்க மாட்டான், முகத்தைப் பார்க்க மாட்டான். பெல்ட் கட்டுகிற இடத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பான். தலையையும் கையையும் காட்டி யாரையும் ஏமாற்றலாம், இடுப்பால் ஏமாற்ற முடியாது என்பது அவன் கணக்கு. அந்த ஆள் இடப்பக்கம் போனால் ராசன் அங்கே நிற்பான், வலப்பக்கம் போனால் அங்கேயும் நிற்பான். கை படாது, தள்ள மாட்டான், ஒரு சொல் கதைக்க மாட்டான். பாதி ஆட்டத்துக்குள் அந்தத் திறமான ஆளுக்கு விசர் பிடித்துவிடும். போன வருடம் மெஸ்ஸீனாவிலிருந்து வந்த ஒருவன் பந்தை நிலத்தில் அடித்துவிட்டு, "இந்த மனுசனை ஆராவது வீட்டை கூட்டிக்கொண்டு போங்கோ" என்று கத்தினான். அன்று சந்திரமதிக்கு ராத்திரிச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

ராசன் பலேர்மோவுக்கு வந்தபோது அவனுக்கு இருபத்திரண்டு வயது. அக்காதான் கூப்பிட்டாள். முதலில் மாடிப்படி கழுவினான். பிறகு வியா மக்வேதா தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினான். அதன் பிறகு பணக்காரர் இருக்கிற லிபெர்த்தா தெருவில் ஒரு வயோதிபரைப் பார்க்கிற வேலை கிடைத்தது. அந்த வீட்டைத் தேடிக் கொடுத்ததும் சந்திரமதிதான். இங்கே எங்கள் ஆட்கள் வேலையை வேலை என்று சொல்வதில்லை, வீடு என்றுதான் சொல்வார்கள். "அவளுக்கு நல்ல வீடு கிடைச்சிருக்கு" என்றால் நல்ல சம்பளமும், சின்யோரா என்று சொல்கிற நல்ல வீட்டுக்கார அம்மாவும் கிடைத்திருக்கிறது என்று அர்த்தம். ஊருக்குப் போகிறவர் தன் வீட்டை நம்பிக்கையான ஒருவருக்குக் கொடுத்துவிட்டுப் போவார். ஒரேயடியாகப் போகிறவர் கையோடு யாருக்காவது மாற்றிக் கொடுப்பார். ராசனின் வீட்டைப் பற்றிச் சந்திரமதி போகிற இடமெல்லாம் சொல்வாள்: "தனி அறை. லிஃப்ற் இருக்கு. வியாழன் பின்னேரமும் லீவு, ஞாயிறு முழுக்கவும் லீவு. இப்பிடி ஒரு வீடு லிபெர்த்தாவில வேற ஆருக்கும் இல்லை."

அந்த வீட்டு வயோதிபரைக் கழகத்தில் எல்லோருக்கும் தெரியும். முன்பு துறைமுகத்தில் வந்து நிற்கிற கப்பல்களுக்குக் கயிறு கட்டுகிற வேலை பார்த்தவர். இப்போது சக்கர நாற்காலி; ராசனை வேலைக்கு வைத்த சின்யோரா அவருடைய மகள். அவரை எல்லோரும் நொன்னோ, தாத்தா, என்றே கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ராசன் அவரையும் தள்ளிக்கொண்டுதான் மைதானத்துக்கு வருவான். மதில் நிழலில் தொப்பியோடு அமர்ந்து கடைசி வரை பார்ப்பார். "பாவம், தனிய இருக்கிற மனுசன், காத்து வாங்கட்டும்" என்று ராசன் சொல்வான். தம்பியின் இரக்க குணத்துக்குச் சாட்சியாகச் சந்திரமதி இதையும் சேர்த்துத்தான் மற்றவர்களுக்குச் சொல்வாள்.

அவனிடம் அவளுக்குப் பிடிக்காதது ஒன்றுதான். வாய் திறக்க மாட்டான். மூன்று தடவை கலியாணம் பேசி வந்தார்கள். மூன்று தடவையும் "அக்கா சொன்னால் ஓம்" என்றான். மூன்றாவது வீட்டுக்காரர் எழும்பிப் போகும்போது, "அப்ப அக்காவுக்கே ஒரு மாப்பிள்ளை பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவளுக்கு அப்போதே இரண்டு பிள்ளைகள்.

கழகத் தலைவர் அருளையா ஒரு செவ்வாய்க்கிழமை சந்திரமதிக்கு ஃபோன் எடுத்தார். அவள் ஒரு சின்யோராவின் திரைச்சீலைக்கு ஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, ஒரு நல்ல விசயம் கதைக்கோணும்."

"சொல்லுங்கோ அண்ணை."

"எங்கடை ராசனுக்கு ஒரு இடம் வந்திருக்கு."

அவள் ஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "பொம்பிளை எந்த ஊர்?"

"பொம்பிளை இல்லை. கத்தானியா."

கோடைக் கிண்ணப் போட்டிக்கு முன்னால் சிசிலித் தமிழ்க் கழகங்கள் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. இளம் பொடியன்கள் லண்டனுக்கும் பாரிஸுக்கும் போகத் தொடங்கிய பிறகு, ஒரு கழகத்தில் உயரமான ஆட்களே இல்லை, இன்னொன்றில் எல்லோரும் உயரம் என்று ஆகிவிட்டதால் வந்த வழக்கம் அது. கத்தானியாவின் உதயம் கழகத்தில் தனேஸ் என்று ஒருவன் இருந்தான். இருபத்திநாலு வயது. தூரத்திலிருந்து எறிந்தாலும் விழும். ஆனால் அவன் வேலை செய்கிற வீட்டில் ஞாயிறு லீவு கிடையாது. ஆட்டமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை. கிடைத்தற்கரிய ஆளை வைத்துக்கொண்டு அவர்களால் விளையாட முடியவில்லை. அருளையா இதை மோப்பம் பிடித்துவிட்டார்.

"ராசன் அங்கை போறான், தனேஸ் இஞ்சை வாறான். தனேசுக்கு ஞாயிறு லீவு உள்ள வீடு வேணும். அதுக்கும் வழி இருக்கு. ராசன்ரை வீட்டையே அவனுக்கு மாத்தி விட்டிடலாம்."

"ராசனுக்கு அங்கை எந்த வீடு?"

"அதை அவையின்ரை தலைவர் அகஸ்ரின் பாப்பார்."

"பாப்பார் எண்டால்? பாத்திட்டாரோ, இனித்தான் பாக்கப் போறாரோ?"

"தங்கச்சி, நீங்கள் பொலிஸ்மாதிரிக் கேக்கக் கூடாது."

"அந்த வீட்டுச் சின்யோராவைக் கேட்டனீங்களோ?"

"அதை ராசன் கதைப்பான்தானே."

ராசன் கதைப்பான் என்று ஒரு மனிதர் நம்பிக்கொண்டிருக்கிறாரே என்று சந்திரமதிக்குத் தலை சுற்றியது. திரைச்சீலையில் ஸ்திரி போட்ட பக்கத்தையே திரும்பவும் போட்டாள்.

வியாழன் பின்னேரம் ராசன் அவள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். புட்டும் மீன் குழம்பும் வைத்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"உன்னைக் கத்தானியாவுக்குக் குடுக்கப் போயினமாம், தெரியுமோ?"

"ஓம், அருளையா அண்ணை சொன்னவர்."

"நீ என்ன சொன்னனீ?"

"கழகத்துக்கு நல்லது எண்டால் செய்யுங்கோ எண்டனான்."

"உனக்கு நல்லதோ?"

ராசன் மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான். "தனேஸ் நல்ல விளையாட்டுக்காரன் அக்கா."

"நான் தனேசைக் கேக்கேல்லை. நீ போனால் உன்ரை வீடு போகும். மூண்டு மணித்தியாலம் பஸ்ஸில போய் இருக்கோணும். அங்கை அவன் உனக்கு என்ன வீடு பாக்கப் போறானெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. வேலை இல்லாமல் நிண்டால் இத்தாலியில இருக்கிற பெர்மெஸோவைப் புதுப்பிக்கிறதுக்கு என்ன செய்வாய்? உன்ரை நாக்கு எங்கை?"

"குழம்பு உறைப்பா இருக்கு" என்றான் ராசன்.

ஞாயிற்றுக்கிழமை பயிற்சி முடிந்த பிறகு மைதானத்திலேயே கூட்டம் வைத்தார்கள். துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு தேவாலயத்தின் முற்றம் அது. மாலைப் பூசை மணி அடிக்கும் வரை கழகம் பாவிக்கலாம் என்று பாதிரியார் அனுமதித்திருந்தார். அகஸ்ரின் அன்று தனேஸ் வேலை செய்கிற வீட்டில் ஏதோ சாட்டுச் சொல்லி அவனையும் கூட்டிக்கொண்டு கத்தானியாவிலிருந்து வந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, மாப்பிள்ளை காட்ட வந்தவர் மாதிரி இருந்தார். தனேஸ் நெடுநெடுவென்று வளர்ந்த, மரியாதையான பொடியன். எல்லோருக்கும் வணக்கம் சொன்னான். நொன்னோவுக்கும் சொன்னான். 

சந்திரமதி ஃபிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். யாருக்கு ஊற்றினாலும் கண் அருளையாவின் மேல்தான் இருந்தது.

முதலில் பயிற்றுநர் கிறிகோரி எழும்பினார். "நான் ராசனில ஒரு குறையும் சொல்லேல்லை. ஆனால் உண்மையைக் கதைக்கோணும். ராசன் பந்து போடமாட்டானெண்டு சிசிலி முழுக்கத் தெரியும். அதால அவனை ஒருத்தரும் மார்க் பண்ணுறேல்லை. அவனை விட்டிட்டு ரெண்டு பேர் எங்கடை மற்றப் பொடியனில விழுறாங்கள். நாங்கள் அஞ்சு பேரில்லை, நாலு பேராத்தான் அடிக்கிறம்."

"சரிதான் கோச்" என்றான் ராசன்.

சந்திரமதி கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். தன்னைத் தூக்கி எறிய வந்தவனுக்குக் கதவு திறந்துவிடுகிற மனிதனை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

"தம்பி கிறிகோரி," என்றாள், "அவங்களும் நாலு பேரோடதானே விளையாடினவங்கள், அதை ஏன் சொல்லேல்லை? ராசன் பிடிக்கிற ஆள் அண்டைக்கு இருந்தென்ன, இல்லாமல் விட்டென்ன. மெஸ்ஸீனாப் பொடியன் போன வருசம் எத்தினை போட்டவன்?"

கிறிகோரி தலையைச் சொறிந்தார். "ரெண்டோ மூண்டோ."

"அதுக்கு முந்தி, ராசன் இல்லாத ஆட்டத்தில?"

"கன போட்டவன்தான்."

"அப்ப கணக்குப் பாருங்கோவன்."

"அக்கா, அது சரி. ஆனால் அவருக்கு வயசு நாப்பத்திமூண்டு. முழங்காலும் பிழை."

"முழங்கால் பிழை எண்டால் கத்தானியாக்காரர் ஏன் கேக்கினம்? அங்கை முழங்காலுக்கு என்ன கோயிலோ கிடக்கு?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அகஸ்ரின் சிரிக்கவில்லை. "எங்களுக்கு ராசன் விளையாடினாலும் சரி, விளையாடாட்டிலும் சரி," என்றார். சொல்லி முடிந்த பிறகுதான் வாய் தவறியது அவருக்கே தெரிந்தது. தேத்தண்ணியைக் குடித்தார்.

"பாருங்கோ," என்றாள் சந்திரமதி. "இவை ஆளை எடுக்கேல்லை, பூட்டி வைக்கப் போயினம். எங்கடை ரீமில நிண்டு தங்களை மறிக்கக் கூடாது. அதுதான் விசயம்."

அருளையா கையை உயர்த்தினார். "தங்கச்சி, இது விளையாட்டு விசயம். குடும்பமாக் கதைக்கப்படாது."

"விளையாட்டு விசயமெண்டால் அவன்ரை வீட்டை ஏன் நடுவில வைச்சுக் கதைக்கிறியள்? சம்பந்தம் பேசுறமாதிரி ஆளையும் குடுக்கிறியள், வீட்டையும் சீதனமாக் குடுக்கிறியள்."

இதற்கு அருளையாவிடம் பதில் இருந்தது. பதில் இருந்ததுதான் வினை. "வீட்டைப் பற்றி நானா சொன்னனான்? நீங்கள்தானே ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனீங்கள். வியாழன் பின்னேரமும் லீவு, ஞாயிறு முழுக்க லீவு. அதைக் கேட்டுத்தானே தனேசுக்கு அந்த வீடு பொருந்துமெண்டு நான் வாக்குக் குடுத்தனான்."

 சந்திரமதியின் பெருமைப் பேச்சே கயிறாகத் திரும்பி வந்து தம்பியின் கழுத்தில் விழுந்திருந்தது.

அப்போது தனேஸ் மெதுவாக ஒன்று கேட்டான். எங்கள் ஆட்கள் ஒரு வீட்டைப் பற்றி முதலில் கேட்கிற கேள்வி அது. இத்தனை பேரும் கேட்க மறந்த கேள்வியும் அதுதான்.

"ராசன் அண்ணை, ஞாயிறு எத்தினை மணிக்கு வெளிக்கிடலாம்? அண்டைக்கு நொன்னோவை ஆர் பாக்கிறது?"

ராசன் ஷூவின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. "நான்தான் பாக்கிறன்."

"அப்ப லீவு?"

"ஞாயிறு லீவு இல்லைத் தம்பி."

முற்றத்தில் இருந்த எல்லோரும் ராசனைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் மதில் பக்கம் திரும்பி நொன்னோவைப் பார்த்தார்கள். இத்தனை வருடமாகத் தேத்தண்ணி கொடுத்து, தொப்பி விழுந்தால் எடுத்துக் கொடுத்து, ஒரு ரசிகர் என்று நினைத்துப் பழகிய மனிதர், ராசனின் வேலையாகவே அங்கே இருந்திருக்கிறார். ராசன் பந்தை மறிக்கிற நேரமெல்லாம் வேலை நேரம்.

"லீவு இருந்ததெல்லே," என்றாள் சந்திரமதி.  "நான்தானே சின்யோராவோட கதைச்சு வாங்கித் தந்தனான்."

"இருந்தது. சின்யோராவின்ரை தாய் செத்தாப் பிறகு ஞாயிறு பாக்க ஆள் இல்லை. சின்யோரா மொந்தெல்லோக் கடற்கரைக்குப் போறவ. நான் பாக்கிறன் எண்டனான். வெளியில கூட்டிக்கொண்டு போகலாமோ எண்டு கேட்டனான். எங்கையெண்டாலும் போ எண்டா. இஞ்சை வாறன்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ போய்ச் சண்டை பிடிப்பாய்."

அது உண்மைதான். அதனால் கோபம் இன்னும் கூடியது.

அகஸ்ரின் எழும்பி நின்றார். "அப்ப அருளையா, நீங்கள் சொன்ன வீட்டுக்கும் எங்கடை பொடியன் இப்ப நிக்கிற வீட்டுக்கும் என்ன வித்தியாசம்? ஞாயிறு இல்லாத வீட்டிலயிருந்து ஞாயிறு இல்லாத வீட்டுக்கு வாறதுக்கு ஏன் பஸ் ஏறோணும்?"

அருளையா விடுகிறவர் அல்ல. "ராசன் கூட்டிக்கொண்டு வாறான்தானே. அதே மாதிரித் தனேசும் நொன்னோவைக் கூட்டிக்கொண்டு வரட்டுமே. மனுசன் எங்கை இருந்தால் என்ன, மதிலடிதானே."

"அவரைக் கேளுங்கோ" என்றான் ராசன். அன்றைக்கு அவன் சொந்தமாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

அருளையா நாற்காலிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, தனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியையெல்லாம் திரட்டி, இந்தப் பொடியன் சரமாரியாகப் பந்து போடுவான், இனி இவனோடு வந்து பார்க்க நொன்னோவுக்குச் சம்மதமா என்று கேட்டார். நொன்னோ தனேசை அடியிலிருந்து உச்சி வரை பார்த்தார். உச்சிக்குப் போக நேரம் எடுத்தது.

"பந்து விழுவதைப் பார்க்க என் வீட்டில் டெலிவிஷன் இருக்கிறது," என்று கரகரத்த சிசிலிய மொழியில் சொன்னார். "விழாமல் பண்ணுவதை அதில் காட்டுவதில்லை. அதற்குத்தான் நான் இந்த வெயிலில் வந்து கிடக்கிறேன்."

பூசை மணி அடித்தது. மாற்று முறிந்தது. தனேஸ் போகும்போது ராசனின் கையைப் பிடித்து, "கிண்ணத்தில சந்திப்பம் அண்ணை" என்றான். அகஸ்ரின் தேத்தண்ணிக்கு நன்றி சொல்ல மறந்து போனார்.

ஆனால் சந்திரமதிக்கு ஆறவில்லை. அருளையா பக்கத்தில் வந்து, "பாத்தியளே, ராசனை விடுறதில்லையெண்டு முடிவெடுத்திட்டம்" என்று சொன்னபோது அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இவர்கள் அவனை வைத்துக்கொண்டது அவன் மறிப்பான் என்பதற்காக இல்லை. அவனுடைய வீடு இன்னொருவனுக்குப் பொருந்தவில்லை என்பதற்காக. அவன் எப்படி நிற்கிறான் என்று அந்தக் கூட்டத்தில் சரியாகச் சொன்ன ஒரே ஆள், தமிழ் ஒரு சொல் தெரியாத கிழவர்.

அடுத்த நாளே தன் வேலை முடிந்ததும் நேரே லிபெர்த்தாவுக்குப் போனாள். லிஃப்றில் ஏறும்போதே சண்டைக்கான வசனங்களை வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். சட்டம், வாரத்தில் ஓய்வு, இத்தனை வருடம், எல்லாம் இருந்தது. சின்யோரா கதவைத் திறந்து முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, "ஓ, ஞாயிறு வேண்டுமா? தாராளமாக எடுக்கலாமே. அவர் ஒரு நாளும் கேட்கவில்லையே. நான் அவருக்கு வெளியே போவது பிடிக்கும் என்று நினைத்தேன்" என்றாள். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் தானே வீட்டில் நிற்பதாகவும் சொன்னாள். சந்திரமதியின் மிச்ச வசனங்கள் எல்லாம் வீணாகப் போயின. படியால் இறங்கி வந்தாள். லிஃப்றை மறந்துவிட்டாள்.

தம்பிக்கு ஃபோன் எடுத்துச் சொன்னாள். "வாற ஞாயிறிலயிருந்து உனக்கு லீவு. விளங்குதோ? முழு லீவு."

"ஓம்" என்றான் ராசன்.

அந்த ஞாயிறு கோடைக் கிண்ணத்தின் முதல் ஆட்டம். கத்தானியாவோடுதான். தனேஸ் அன்றைக்கு மட்டும் தன் வீட்டுக்கு ஒரு ஆளை நிற்பாட்டிவிட்டு வந்திருந்தான். சந்திரமதி நேரத்தோடு வந்து நிழலில் இடம் பிடித்து இருந்தாள். இன்றைக்குத் தம்பி கையை வீசிக்கொண்டு, மற்றவர்களைப் போல, வாசலால் நடந்து வருவதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தாள்.

ராசன் வந்தான். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான். நொன்னோ தொப்பி போட்டு, கழுத்துவரை பொத்தான் பூட்டி இருந்தார்.

அவள் எழும்பி நடந்து போய் வழியை மறித்தாள். "உனக்கு இண்டைக்கு லீவெல்லே?"

"ஓம், லீவுதான்."

"அப்ப இது என்ன?"

"விடிய எழும்பித் தொப்பியும் போட்டுக் கதவடியில வந்து இருக்கிறார் அக்கா. நான் என்ன செய்ய?"

"சின்யோரா வீட்டில நிக்கிறாவோ?"

"நிக்கிறா. அவவுக்குக் கூடைப்பந்து விளங்காதாம்."

அவள் அவனைப் பார்த்தாள். ஏசுவதற்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. லீவு நாளில் சம்பளம் இல்லாமல் அதே வேலையை அதே மனிதனுக்குச் செய்துகொண்டு, அதற்குக் காரணமும் சொல்லிக்கொண்டு நிற்கிறான். அங்கே கிறிகோரி விசில் ஊதிக் கூப்பிட்டார். மறுபக்கம் தனேஸ் பந்தைத் தட்டிக்கொண்டு ராசன் வருகிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"விடு," என்று நாற்காலியின் பிடியைப் பிடுங்கினாள். "போ, போய் மறி. ஆளை நான் பாக்கிறன்."

ராசன் ஓடினான். தனேசின் முன்னால் போய் நின்றான். குனிந்து, பெல்ட் கட்டுகிற இடத்தைப் பார்த்தான். தனேஸ் முதல் தடவை இடப்பக்கம் போனான். ராசன் அங்கே நின்றான். வலப்பக்கம் போனான். அங்கேயும் நின்றான். தனேஸ் ஒரு கணம் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வீட்டுத் திறப்பைத் தொலைத்தவன் மாதிரி நாலு பக்கமும் பார்த்தான்.

நொன்னோ தொண்டைக்குள் சிரித்தார். வெயில் அவர் முழங்காலுக்கு வந்திருந்தது. சந்திரமதி நாற்காலியை நிழலுக்குள் இழுத்து, பிரேக்கைப் போட்டு, போர்வையைச் சரிசெய்து, சீனி இல்லாத தேத்தண்ணியை ஊற்றி அவர் கையில் வைத்தாள். அவர் குடிக்கும்வரை கோப்பையின் அடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பாதி ஆட்டம் முடிந்தபோதுதான், ஞாயிற்றுக்கிழமை தனக்கும் லீவு என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது.